யவனர் நாவில் நம் ஊர்ப் பெயர்கள்



பகல் வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு வானொலியின் முன் அமர்ந்திருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் பழைய கிரேக்க மொழி எப்படி ஒலித்தது, அதன் பெயர்ச்சொற்கள் எப்படி வேற்றுமை ஏற்றன என்று நாங்கள் பேசத் தொடங்கினால், "வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆகவே, இந்தப் பேச்சு எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவர்களின் தேர்வுப் பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண்பிள்ளையின் பெயரில் ழகரம் உண்டு. நல்ல தமிழ்ப் பெயர். ஆனால் அது பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் வேறுவிதமாகவும், மருத்துவ அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று காட்டுவதற்குத் தந்தை மூன்று நாள் பிரட்டுக்குப் போகாமல் பட்டணத்துக்கு அலைந்தார். மூன்று நாள் சம்பளம் போயிற்று. கடைசி நாள் மாலை பள்ளிக்கு வந்து, களைப்போடு கேட்டார்: "நம்ம பேரு மட்டும் ஏன் சார், யார் எழுதினாலும் ஒடஞ்சு போவுது?"

அன்று எங்களால் சரியான விடை சொல்ல முடியவில்லை. விடை தேடிப் போனபோது, அது இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கடற்கரை ஒன்றுக்கு எங்களைக் கொண்டு சேர்த்தது. அந்தக் கடற்கரையின் பெயர் முசிறி.

முசிறி சேரநாட்டுத் துறைமுகம். பேரியாற்றின் முகத்தில் இருந்தது. யவனரின் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் சொல்கிறார். இன்றைய கேரளத்தில், எறணாகுளம் மாவட்டத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. பழைய முசிறி இதுவாகவே இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

வந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள்? அக்காலத்தில் எகிப்து உரோமரின் ஆட்சியில் இருந்தது. ஆனால் அங்கிருந்து கப்பலேறிய வணிகர் பெரும்பாலும் கணக்கு எழுதியதும் கடிதம் எழுதியதும் கிரேக்க மொழியில். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், பெயர் தெரியாத ஒரு வணிகர் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலைக் கிரேக்கத்தில் எழுதினார். கி.பி. 150ஐ ஒட்டி, அலெக்சாந்திரியா நகரத்து அறிஞர் தாலமி, உலகத்து ஊர்ப் பெயர்களைத் தொகுத்து ஒரு நிலநூல் செய்தார். இரண்டிலும் தமிழ்நாட்டு ஊர்கள் வருகின்றன. வருகிற பெயர்கள் எப்படி இருக்கின்றன தெரியுமா? முசிறி 'மூஸிரிஸ்' ஆகியிருக்கிறது. மதுரை 'மொதூரா'. கொற்கை 'கொல்கொய்'. காவிரிப்பூம்பட்டினம் 'கபேரிஸ்'. பாண்டியன் 'பாண்டியோன்'.

பார்த்தீர்களா? நம் பெயர் உடைவது தோட்டத்தில் தொடங்கியதன்று. அது எப்படி உடைந்தது என்று தெரிய வேண்டுமானால், உடைத்தவரின் நாக்கையும் எழுத்தையும் நாம் கொஞ்சம் படித்தாக வேண்டும்.

முதலில் எழுத்து. கிரேக்க நெடுங்கணக்கில் 24 எழுத்துகள். அவற்றுள் உயிர் ஏழு. நம் பிள்ளைகள் இந்த உயிர்களைக் கண்டால் மகிழ்வார்கள். ஏனென்றால் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் அங்கே தனித்தனி எழுத்து உண்டு. குறிலுக்கு எப்சிலோன், நெடிலுக்கு ஏட்டா. அப்படியே ஒகரத்துக்கு ஓமிக்ரோன், ஓகாரத்துக்கு ஓமெகா. 'மிக்ரோன்' என்றால் சிறியது, 'மெகா' என்றால் பெரியது. சின்ன ஓ, பெரிய ஓ என்று அவர்கள் பெயர் வைத்தார்கள்.

வடமொழியில் குறுகிய எகர ஒகரம் இல்லை. தமிழில் உண்டு. தொல்காப்பியர் காலத்து எழுத்தில் குறிலுக்கு மேலே புள்ளி வைத்து வேறுபடுத்தினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அதை மாற்றி, நெடிலுக்குத் தனிக்குறி தந்தார். இன்று நம் பிள்ளைகள் எழுதும் கொம்பும் இரட்டைக் கொம்பும் அந்தத் திருத்தத்தின் வழி வந்தவை. ஆக, இந்த நான்கு ஒலிகளைப் பொறுத்தவரை, கிரேக்கம் படிக்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு நாக்குப் பயிற்சியே வேண்டியதில்லை.

உகரம்தான் சிக்கல். கிரேக்கர்களின் 'உப்சிலோன்' எழுத்தை ஏதென்சு நகரத்தார் நம் உகரம்போல் ஒலிக்கவில்லை. உதட்டை 'உ' சொல்வதுபோல் குவித்துக்கொண்டு, உள்ளே 'இ' என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டுங்கெட்டான் ஒலிதான் அது. உண்மையான 'ஊ' ஒலி வேண்டுமென்றால் ஓமிக்ரோனையும் உப்சிலோனையும் சேர்த்து இரண்டெழுத்தாக எழுத வேண்டும். முசிறியின் 'மு' அவர்கள் கையில் 'மூ' ஆனதற்குக் காரணம் இதுவே. நம்முடைய குற்றுகரத்துக்கு ஏற்ற ஓர் எழுத்து அவர்களிடம் இல்லை.

இனி மெய்யெழுத்து. நமக்கு ஒரே பகரம். ஆனால் 'பால்' என்னும்போது ஓர் ஒலி, 'கம்பம்' என்னும்போது சற்றுக் கனத்த வேறோர் ஒலி. எழுத்து ஒன்று, இடத்துக்கு ஏற்ப ஒலி இரண்டு. கிரேக்கருக்கு இந்த இரண்டும் தனித்தனி எழுத்துகள்: பீ, பீட்டா. அவற்றோடு மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் மூன்றாவது பகரமும் உண்டு. வாய்க்கு முன்னே ஒரு சிறு தாளைப் பிடித்துக்கொண்டு 'பால்' என்று சொல்லுங்கள். தாள் அதிகம் அசையாது. இப்போது மூச்சைத் தள்ளி அதே பகரத்தைச் சொல்லுங்கள். தாள் ஆடும். அந்த ஆடும் பகரம்தான் மூன்றாவது. இப்படியே தகரத்துக்கு மூன்று, ககரத்துக்கு மூன்று. மொத்தம் ஒன்பது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ழகரம், ளகரம், றகரம், ணகரம் கிரேக்கத்தில் இல்லை. ரகரமும் லகரமும் னகரமுமே அவர்களுக்குத் தெரியும். எனவே முசிறியின் றகரம் ரகரமாயிற்று. காவிரியின் வகரத்துக்கும் எழுத்து இல்லாமல், பகரத்தின் கனத்த ஒலியை வைத்து 'கபேரிஸ்' என்றார்கள். இத்தனைக்கும் வகர ஒலி மிகப் பழைய கிரேக்கத்தில் இருந்தது. பிறகு பெரும்பாலான கிளைமொழிகளில் தேய்ந்து மறைந்தது. கிரேக்கரில் ஒரு பிரிவினரின் பழம்பெயர் 'இயாவோனெஸ்'. அவர்களே பின்னாளில் வகரத்தை விட்டு 'இயோனெஸ்' என்றார்கள். ஆனால் கிழக்கே கைமாறி வந்த 'யவனர்' என்னும் சொல்லில் அந்த வகரம் இன்றும் நிற்கிறது. தம் பெயரிலிருந்து அவர்கள் தொலைத்த ஒலியை நாம் வைத்திருக்கிறோம்.

ஹகரத்துக்கும் ஒரு கதை உண்டு. கிரேக்கத்தில் 'ஹோரா' என்றால் நேரம். அச்சொல் வடமொழி வழியாக வந்து தமிழில் 'ஓரை' ஆயிற்று. நாமும் அவர்கள் சொல்லின் தலையை வெட்டித்தான் வாங்கினோம்! ஆகவே உடைப்பது ஒரு சாராரின் குற்றம் அன்று. எந்த மொழிக்காரரும் தம் மொழியின் சல்லடையில்தான் அயற்சொல்லைச் சலிக்கிறார்கள்.

சில பிழைகள் காதால் வருவதில்லை, கண்ணால் வருகின்றன. பெரிப்ளூஸ் நூலின் கைப்படியில் தமிழ்நாட்டுப் பகுதிக்கு 'லிமிரிகே' என்று பெயர் காணப்படுகிறது. தமிழகம் எங்கே, லிமிரிகே எங்கே? கிரேக்க 'டெல்டா' எழுத்து ஒரு முக்கோணம். மூன்று அடுப்புக்கல்லைக் கோடு போட்டு இணைத்ததுபோல் இருக்கும். 'லம்டா' எழுத்தோ அடிக்கோடு இல்லாத முக்கோணம், வீட்டுக் கூரைபோல. பார்த்து எழுதியவர் ஒரு கோட்டை விட்டுவிட்டார்; 'தமிரிகே' என்பது 'லிமிரிகே' ஆகிவிட்டது என்று அறிஞர் பலர் விளக்குகின்றனர். ஒரே ஒரு கோடு! ஒரு நாட்டின் பெயரே மாறிப்போயிற்று.

சரி, 'மூஸிரிஸ்' என்பதில் கடைசியில் ஒரு 'ஸ்' இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? நம் முசிறியில் அது இல்லை. இங்கேதான் பெயர்ச்சொல் இலக்கணம் நுழைகிறது.

தமிழில் வேற்றுமை எட்டு. கிரேக்கத்தில் ஐந்து: எழுவாய், உடைமை, கொடை, செயப்படுபொருள், விளி. கி.மு. 100ஐ ஒட்டி வாழ்ந்த தியோனிசியொஸ் திராக்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் சிறு இலக்கண நூலில் இந்த ஐந்தும் சொல்லப்படுகின்றன. நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் சொல்லும் பொருள்களுள் முதலாவது கொடை. கிரேக்கர் அந்த வேற்றுமைக்கு வைத்த பெயருக்கும் 'கொடுத்தற்குரியது' என்பதே பொருள். விளி வேற்றுமைக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'அழைத்தற்குரியது' என்று பொருள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. மனிதன் கொடுப்பதும் கூப்பிடுவதும் எங்கும் ஒன்றுதான்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'க்ஸெனொஸ்'. இதற்கு அயலான் என்றும் பொருள், விருந்தினன் என்றும் பொருள். முசிறிக் கரையில் இறங்கிய ஒவ்வொருவனும் ஒரு க்ஸெனொஸ்தான். 'விருந்தினன் வந்தான்' என்றால் க்ஸெனொஸ். 'விருந்தினனின் கப்பல்' என்றால் க்ஸெனூ. 'விருந்தினனுக்குக் கொடுத்தோம்' என்றால் க்ஸெனோய். 'விருந்தினனைக் கண்டோம்' என்றால் க்ஸெனொன். 'விருந்தினனே!' என்று அழைத்தால் க்ஸெனெ. 'முருகன்' என்பதை நாம் 'முருகா' என்று அழைக்கும்போது னகரம் விழுகிறது அல்லவா? அவர்களும் அழைக்கும்போது சகரத்தை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது குறில் நெடிலைக் கவனியுங்கள். நெடிலோடு க்ஸெனோய் என்றால் 'விருந்தினனுக்கு'. குறிலோடு க்ஸெனொய் என்றால் 'விருந்தினர்கள்'. குறிலோடு க்ஸெனொன் என்றால் 'விருந்தினனை'. நெடிலோடு க்ஸெனோன் என்றால் 'விருந்தினர்களின்'. ஒரு மாத்திரை தவறினால் பொருளே மாறும். 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் வேறு வேறு என்று முதலாம் ஆண்டிலேயே படிக்கும் நம் பிள்ளைக்கு இது புதிதா?

புதியது வேறொன்று. நாம் 'விருந்தினர்-களை' என்னும்போது, பன்மைக்கு ஓர் உறுப்பு, வேற்றுமைக்கு ஓர் உறுப்பு. ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல் தனித்தனியாகக் கழற்றலாம். கிரேக்கத்தில் அப்படி முடியாது. பன்மையும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிடும். பாலில் திராவகம் கலந்து உறைந்தபின் இரண்டையும் பிரிக்க முடியாதல்லவா, அதுபோல.

திணை, பாலும் வேறு. நமக்குக் கல்லும் தீவும் மரமும் அஃறிணை. கிரேக்கருக்குக் கல் ஆண்பால், தீவு பெண்பால், மரம் இரண்டும் அல்லாத பொதுப்பால். பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

மீதியுள்ள வேற்றுமைப் பொருள்களுக்கு என்ன செய்தார்கள்? நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும். 'வீட்டில்' என்பதற்கு 'டி ரூமா', 'வீட்டுக்கு' என்பதற்கு 'கெ ரூமா', 'வீட்டிலிருந்து' என்பதற்கு 'டாரி ரூமா'. சொல் மாறுவதில்லை, முன்னால் ஒரு சிறு சொல் வருகிறது. தமிழில் எல்லாம் பின்னால் ஒட்டுகிறது. கிரேக்கம் இரண்டையும் செய்கிறது. முன்னால் ஒரு சிறு சொல், பின்னால் ஒரு விகுதி.

இதற்கு ஓர் அருமையான சான்று, ஆஸ்திரிய நாட்டின் வியன்னா தேசிய நூலகத்தில் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரசுத் தாள் அது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1985இல் அச்சில் வெளிவந்தது. ஒரு பக்கத்தில், முசிறி வாணிகத்துக்காக வாங்கிய கடன் பற்றிய உடன்படிக்கை. மறுபக்கத்தில், 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. 1154 தாலந்து, 2852 திராக்மா என்னும் தொகை அதில் காணப்படுகிறது. ஒரு தாலந்துக்கு 6000 திராக்மா. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், பிள்ளைகளே! 69 லட்சத்து 26 ஆயிரத்து 852 திராக்மா வரும். அந்தக் கடன் பத்திரத்தில் நம் ஊர்ப் பெயர் 'மூஸிரிஸ்' என்று இல்லை. முன்னால் ஒரு சிறு சொல் நிற்க, பெயர் 'மூஸிரின்' என்று னகரத்தில் முடிகிறது. எழுவாயின் சகரம் போய், செயப்படுபொருளின் னகரம் வந்திருக்கிறது. நம் துறைமுகத்தின் பெயருக்குக் கிரேக்க வேற்றுமை உருபு ஏறிவிட்டது. உடைத்தார்கள் என்றோம், தம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

நாம் வாழும் நாட்டுக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். தாலமியின் நூலில் 'க்ரூஸே கெர்சோனேசொஸ்' என்று வருகிறது. 'கெர்சொஸ்' வறண்ட நிலம், 'நேசொஸ்' தீவு. நிலத்தோடு ஒட்டிய தீவு, அதாவது தீபகற்பம். 'க்ரூஸே' என்றால் பொன்னாலான. பொன் தீபகற்பம்! இது மலாய்த் தீபகற்பமே என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிவு. 1961இல் கோலாலம்பூரில் வெளியான பால் வீட்லியின் நூல் இதைப் பற்றியது. 1879இல் இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி மலாக்காவிலிருந்து லிங்கி ஆற்றின் வழியே, இன்று நம் நெகிரி செம்பிலானில் அடங்கும் சுங்கை ஊஜோங்கிற்கு வந்தார். 1883இல் வெளியான தம் பயண நூலுக்கு அந்தப் பழைய கிரேக்கப் பெயரையே சூட்டினார். ஆக, நீங்கள் மரம் வெட்டுகிற, செம்பனைக் குலை அறுக்கிற இந்த மண்ணுக்குத் தாலமி வைத்த பெயர் பொன்.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். நம் பெயர் ஏன் உடைகிறது? பிறர் காதால் கேட்டு, பிறர் எழுத்தால் எழுதும்போது உடைகிறது. அப்படியானால் உடையாத பெயர் எங்காவது இருக்கிறதா? இருக்கிறது.

எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்னும் பழைய துறைமுகம் உண்டு. அங்கே தோண்டியபோது பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் இருந்தன. கண்ணன், சாத்தன் என்று நாம் படித்துக்கொள்ளலாம். காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. இந்தப் பக்கம், தென் தாய்லாந்தில், கிராபி மாநிலத்தில், ஒரு பொன் உரைகல் கிடைத்தது. அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கிறது. பெரும்பதன் என்னும் பொற்கொல்லருடைய கல். பொன் தீபகற்பத்துக்குப் பிழைக்க வந்த நம்மவர் ஒருவர், தம் தொழிற்கருவியில் தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதி வைத்தார். தாலமியின் பேரறிவு பாண்டியனின் பெயரைத் திருத்தமாக எழுதவில்லை. ஒரு தொழிலாளி தம் பெயரைத் திருத்தமாக விட்டுச் சென்றிருக்கிறார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? குழந்தையின் பிறப்பைப் பதியப் போகும் முன், பெயரைத் தமிழிலும் ரூமி எழுத்திலும் ஒரு தாளில் வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ழகரம், ளகரம், நெடில் இவற்றுக்கு என்ன எழுத்து என்று குடும்பமாகக் கலந்து ஒரு முடிவு செய்யுங்கள். ஐயம் இருந்தால் பள்ளிக்கு வாருங்கள். உடன் இருந்து எழுதித் தருகிறோம். வாயால் சொல்லாதீர்கள், தாளைக் காட்டுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு எந்தப் பத்திரத்திலும் அதே எழுத்தையே கொடுங்கள். தமிழ் எழுத்தில் பெயரெழுதப் பிள்ளைக்குக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். ஏனென்றால் அதுதான் உடையாத வடிவம்.

மூன்று நாள் அலைந்தாரே, அந்தத் தந்தைக்கு அடுத்த ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் காலையில், மரம் வெட்டி முடித்த கையோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். பெயரைத் தமிழில் அவரே எழுதியிருந்தார். "இதுக்கு ரூமி எழுத்து மட்டும் பாத்துச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்றார்.

நாங்கள் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டார்.